14 பேரிடம் பேசியாச்சு, எழுத மட்டும் வரவில்லை

ஜனவரி 6, 2024 – கேள்வி

"எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. டிசம்பர் வெள்ளத்தில் குளம் உடைந்து கீழத்தெரு முழுக்கத் தண்ணீர். அதைப் பற்றி நீளமாக ஒரு செய்திக்கட்டுரை எழுத நினைத்து 14 பேரிடம் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் நாலு பத்திக்கு மேல் ஓடவில்லை. என் நடைதான் சரியில்லை போல. நல்ல நடை வர யாரைப் படிக்கலாம் அண்ணாச்சி?"

ஜனவரி 6, இரவு

நடையில் ஒரு கோளாறும் இல்லை தம்பி. நீங்கள் போட்டிருக்கும் நாலு பத்தியையும் படித்தேன், வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன. உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது நாலு பத்திதான், அதனால் நாலோடு நிற்கிறது. ஐந்தாவது பத்தியில் கரை எந்த இடத்தில் உடைந்தது, எத்தனை மணிக்கு, முதலில் பார்த்தது யார் என்று வந்தாக வேண்டும். அது உங்கள் கையில் இல்லை. இல்லாதபோது கை "இயற்கையின் கோரத்தாண்டவம்" என்று எழுதப் பார்க்கும். நீங்கள் எழுதாமல் நிறுத்தியிருக்கிறீர்கள். நல்லது, அப்படியே நில்லுங்கள்.

14 பேரையும் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறீர்கள். முதல் தடவை போகும்போது மனுஷர்கள் பட்ட பாட்டைச் சொல்வார்கள். பீரோ மிதந்தது, ஆட்டுக்குட்டி போனது, பிள்ளையின் சான்றிதழ் நனைந்தது. அதை அவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், நாம் பொறுமையாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். குளம் எப்படி உடைந்தது என்பது அதற்கு அப்புறம்தான் வரும், பெரும்பாலும் இரண்டாவது தடவை போகும்போது. எனக்கு இருபது வருஷத்தில் பிடிபட்ட பெரிய விஷயம் இதுதான். மறுபடியும் போங்கள்.

ஜனவரி 7

"எத்தனை மணிக்கு உடைந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு நேரம் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நேரத்தை நேரமாகக் கேட்டால் அப்படித்தான் வரும். ஒருவர் நள்ளிரவு என்பார், இன்னொருவர் விடியற்காலை என்பார், இருவருமே பொய் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவர்கள் செய்த வேலையோடு சேர்த்துக் கேளுங்கள். கரண்ட் போன பிறகா முன்னாலா? சாப்பிட்டு முடித்திருந்தீர்களா? மாட்டை அவிழ்த்து விட்டது தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகா?

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. மார்கழி பிறப்பு யாருக்கும் மறக்காது. அன்று காலையில் கோலம் போட முடிந்ததா, கோயிலில் பாட்டுப் போட்டார்களா என்று ஆரம்பியுங்கள். தேதி கேட்டுத் திணறியவர்கள் அதில் தெளிவாகப் பேசுவார்கள்.

அப்புறம் கைப்பேசி. அன்று ராத்திரி யாராவது சொந்தக்காரர்களுக்கு "கரை போயிட்டு" என்று போன் பண்ணியிருப்பார்கள். அழைப்புப் பட்டியலில் அந்த நேரம் நிமிஷ சுத்தமாக இருக்கும். பழைய அழைப்புகள் நாளாக ஆகத் தானாக அழிந்துவிடும், அதனால் இந்த வாரமே போய்ப் பார்த்து, அவர்கள் அனுமதித்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த வீடியோவை நம்பி நேரம் எழுதாதீர்கள், கைமாறும்போது எடுத்த நேரம் தொலைந்துவிடுகிறது. யார் எடுத்தார்களோ அவர் கைப்பேசியிலேயே அதைத் திறந்து, எடுத்த தேதியையும் நேரத்தையும் பாருங்கள்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

முதல் பத்தியில் "18-ஆம் தேதி எங்கள் ஊரில் 95 செ.மீ. மழை கொட்டியது" என்று இருக்கிறது. இரண்டு பிழை. 95 செ.மீ. காயல்பட்டினத்து மழைமானியின் கணக்கு. உங்கள் ஊர் அங்கிருந்து எவ்வளவு தூரம்? திருச்செந்தூரில் அதே நாளில் 69 செ.மீ.தான். பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே இவ்வளவு வித்தியாசம். உங்களுக்கு மிக அருகில் உள்ள மழைமானி எது, அதில் எவ்வளவு என்று பார்த்து, அந்த ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

இரண்டாவது, தேதி. வானிலைத் துறையின் ஒரு நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. 18-ஆம் தேதி என்று பதிவானது 17 காலையிலிருந்து 18 காலை வரை பெய்த மழை. இது தெரியாவிட்டால் குளம் உடைந்தது முதலில், மழை பெய்தது அப்புறம் என்று கட்டுரையில் தலைகீழாக வந்துவிடும்.

ஜனவரி 11

14 பேரில் 11 பேர் "அதிகாரிகள் மறுகாலைத் திறக்கவில்லை, அதனால்தான் உடைந்தது" என்று சொல்கிறார்கள், இதையே தலைப்பாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் குளத்து மறுகாலை, அதாவது நிறைந்த தண்ணீர் வெளியேறும் இடத்தை, போய்ப் பார்த்தீர்களா? அதில் ஷட்டர் இருக்கிறதா? நம் பக்கத்தில் நிறைய குளங்களில் மறுகால் என்பது வெறும் கல்கட்டு. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்தால் தானாக வழிந்து ஓடும். திறப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. சில இடங்களில் கல்தூண்கள் நட்டு, நடுவில் பலகை செருகுவார்கள். சில இடங்களில் பிற்பாடு ஷட்டர் வைத்தார்கள். உங்களுடையது இதில் எந்த வகை? ஷட்டர் இல்லையென்றால் "திறக்கவில்லை" என்ற வார்த்தைக்கே பொருள் இல்லை. அப்போது ஜனங்கள் அந்த வார்த்தையால் வேறு எதையோ சொல்ல வருகிறார்கள். அது என்ன என்று கேட்க வேண்டும்.

11 பேர் சொன்னார்கள் என்பது 11 சாட்சி ஆகாது. அவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு மறுகால் பக்கம் போனவர்கள்? மற்றவர்கள் டீக்கடையில் கேட்டதைச் சொல்கிறார்கள் என்றால் அது ஒரு சாட்சிதான், அதுவும் யார் என்று தெரியாத சாட்சி. "நீங்கள் பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா?" ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வி கட்டாயம். கேட்கும் தொனியில் சந்தேகம் இருக்கக் கூடாது, அக்கறை இருக்க வேண்டும்.

ஜனவரி 14, போகி

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். 2005-ஆம் வருஷத்துச் சட்டம். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரி போட்டு, ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பினால் போதும். எதற்குக் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுதலாம். அதற்கும் மேலே 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

கேட்கும் விதம்தான் முக்கியம். "குளத்தை ஏன் தூர்வாரவில்லை?" என்று கேட்டால் "இக்கேள்வி தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று ஒரு வரி வரும். என் முதல் மூன்று மனுக்களும் அப்படித்தான் வீணாயின. ஆவணத்தைக் கேளுங்கள். இந்தக் குளத்துக்கு இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை நடந்த வேலைகளின் மதிப்பீட்டு நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், குளத்தின் ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பு), கரை நீளம், மறுகால் மட்டம் இருக்கும் பதிவேட்டின் நகல். ஏ4 பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் போய்க் கோப்பைப் பார்க்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகல் வாங்குவதைவிட எனக்கு நேரில் பார்ப்பதுதான் பிடிக்கும். நாம் கேட்கத் தெரியாத தாள்கூட அதே கட்டில் இருக்கும்.

உங்கள் குளத்துக்கு நீர்வளத் துறை என்று போட்டு மனு எழுதிவிடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் அனுப்பினால் சரியாக இருக்கும்.

ஜனவரி 19

கிராமக் கணக்கைப் பார்க்கப் போன தம்பி, எல்லாம் பசலியில் இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை என்கிறார். பயப்பட வேண்டாம். பசலி என்பது வருவாய்த் துறையின் வருஷக் கணக்கு. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஊரில் எல்லோரும் சொல்லும் 92 வெள்ளம் நவம்பரில் வந்தது, ஆகவே பசலி 1402. இந்த வெள்ளம் பசலி 1433. இரண்டு பசலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 31 வருஷத்தில் குளத்துப் பாசனத்தில் எத்தனை ஏக்கர் குறைந்திருக்கிறது என்று அடங்கலிலேயே, அதாவது கிராமத்துச் சாகுபடிக் கணக்கிலேயே தெரியும்.

ஜனவரி 20

நேற்று எழுதியது பாதிதான் சரி. ஜூலை முதல் டிசம்பர் வரைக்குத்தான் 590. ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டேன். கோடைச் சாகுபடி, ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குத் தணிக்கை எல்லாம் இந்த இரண்டாம் பாதியில்தான் வரும், ஒரு வருஷம் பிசகிவிடும். நேற்றையதைக் குறித்து வைத்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

ஜனவரி 28

வருஷக் கணக்கு என்றதும் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குளத்து மடையில் கல்வெட்டு. தண்ணீருக்கு மேலே தெரிந்த வரியில் "தாது வருஷம்" என்று இருந்தது. தாது வருஷம் என்றால் யாருக்கும் பஞ்சம்தானே நினைவுக்கு வரும்? 1876-இல் தொடங்கிய பஞ்சத்தில் கஞ்சிக்காக ஜனங்கள் கட்டிய மடை என்று உருக்கமாக எழுதினேன். அச்சிலும் வந்தது. படித்தவர்கள் கண்ணீர் விட்டதாகச் சொன்னார்கள்.

அடுத்த வைகாசியில் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது குளம் வற்றிக் கிடந்தது. மடைக்கல் அடிவரை தெரிந்தது. சேற்றைத் துடைத்தால் கடைசி வரியில் "கொல்லம் 1112". கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும், ஆக 1936, 37. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். கதை அழகாக இருந்ததால் சரிபார்க்கத் தோன்றவில்லை. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "எங்க அப்பா காலத்துல கட்டினது, பேப்பர்ல போட்டிருந்ததேன்னு சும்மா இருந்துட்டேன்" என்றார். அவர் வீடு மடையிலிருந்து கூப்பிடு தூரம். முதல் தடவை போனபோது நான் அவரைக் கேட்கவே இல்லை.

திருத்தம் அனுப்பினேன். சின்னதாகப் போட்டார்கள். ஆனால் பழைய கட்டுரையை வைத்து ஒரு பள்ளிக்கூட ஆண்டுமலரில் 1876 என்றே எழுதிவிட்டார்கள். அதை இனி யார் திருத்துவது? இன்றைக்கும் உறுத்துகிறது.

பிப்ரவரி 4

தம்பியின் மனு திரும்பியிருக்கிறது. நிராகரிக்கவில்லை, தகவல் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவில் ஊராட்சி ஒன்றியத்துக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். இது என்னால் வந்த தாமதம். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் குளம் ஊராட்சி ஒன்றியத்துப் பொறுப்பு, அதற்கு மேல் இருந்தால்தான் நீர்வளத் துறை. ஆயக்கட்டைக் கேட்காமலே முகவரி சொல்லிவிட்டேன். ஆனால் இதில் ஒரு செய்தியும் கிடைத்திருக்கிறது: உங்கள் ஊரில் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த அலுவலகத்துக்கும் அந்தக் குளத்துக்கும் சம்பந்தமே இல்லை. கட்டுரையில் இதற்கு ஒரு பத்தி கொடுங்கள். யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் ஒரு ஊர் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

பிப்ரவரி 5

பெயர் போடுவது பற்றி ஒரு அக்கா கேட்டிருக்கிறார்கள்: "சம்மதம் வாங்கிவிட்டால் போடலாம்தானே?"

போதாது அக்கா. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ரேஷன் எடைக் குறைவு பற்றி எழுதினேன். ஒரு அம்மா தைரியமாகப் பேசினார்கள். பேர் போடட்டுமா என்றேன், "போடுப்பா, எனக்கென்ன பயம்" என்றார்கள். போட்டேன். அடுத்த மாசத்திலிருந்து அவர்கள் அட்டையில் மட்டும் ஏதாவது ஒரு கோளாறு. நாலு மாசம் அலைந்தார்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, காபி போட்டுத்தான் கொடுத்தார்கள். அதுதான் தாங்கவில்லை. அவர்களுக்கு என்ன நேரக்கூடும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் பேச ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, முடியும்போது ஒரு தடவை, அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு தடவை கேட்கிறேன். மூன்றாவது தடவை, அவர்கள் சொன்னதாக நான் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டுவேன். "கட்டுரையை முன்னாலேயே காட்டக் கூடாது" என்று எனக்குச் சொல்லித்தந்தவர்கள் உண்டு. அமைச்சருக்கும் அதிகாரிக்கும் அது சரி. கீழத்தெரு ஆச்சிக்கு அந்த விதி வேண்டாம்.

பிப்ரவரி 11

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். நாள்வாரியாக எழுதுவதற்கு நமக்கு முன்னோடி யாரும் இல்லையா என்று ஒருவர் கேட்டார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறாரே. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736-இலிருந்து 1761-இல் சாகும் வரை, 25 வருஷ நாட்குறிப்பு. தமிழ் வருஷம், மாசம், தேதி, கிழமை போட்டுத்தான் தொடங்குவார். ஆட்சி விவகாரமும் வரும், கப்பல் வந்ததும் வரும், ஊர் வம்பும் வரும். அன்றாடப் பேச்சுத் தமிழ். எது பிற்காலத்தில் முக்கியமாகும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் அன்றன்றைக்கே எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு அது இவ்வளவு பயன்படுகிறது.

தம்பி, நீங்களும் ஒரு நோட்டு வையுங்கள். பதிவுக் கருவி மட்டும் போதாது. இன்றைக்கு யாரைப் பார்த்தேன், கதவைத் திறந்தது யார், பேசும்போது கூட யார் இருந்தார்கள், எந்தக் கேள்விக்கு எழுந்து உள்ளே போனார்கள். ராத்திரி படுப்பதற்குள் எழுதிவிட வேண்டும். மறுநாள் பாதி போய்விடும்.

மார்ச் 3

தம்பி நேற்று எனக்குப் போன் பண்ணினார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

14 பேரையும் மறுபடி பார்த்து முடித்துவிட்டு, குளத்துக்கு நீர்பாய்ச்சுகிறவரைத் தேடிப் போயிருக்கிறார். பட்டியலில் அவர் இல்லவே இல்லை. அவர் சொன்னது: மறுகாலில் ஷட்டர் கிடையாது, கல்கட்டுதான். கார்த்திகையில் மழை சரியாகப் பிடிக்கவில்லை, பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் காணாது என்று பயந்து, ஊர்க்காரர்களே மறுகால் மேல் மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்தினார்கள். வருஷா வருஷம் செய்வதுதான். டிசம்பர் 17 சாயங்காலம் மூட்டையைத் தள்ள நாலு பேர் போனார்கள், அதற்குள் அந்தப் பக்கம் நிற்க முடியாத அளவுக்குத் தண்ணீர்.

"திறக்கவில்லை" என்று 11 பேர் சொன்னது இதைத்தான் அண்ணாச்சி என்று தம்பி சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. மூட்டை அடுக்கியவர்களில் அவருடைய சித்தப்பாவும் ஒருவர். இதை எழுதலாமா, எழுதாமல் விடலாமா?

மார்ச் 4

ராத்திரி முழுக்க யோசித்தேன். முந்தாநாள் போனில் "எழுதத்தான் வேண்டும்" என்று சட்டென்று சொன்னேன். சொன்ன விதம் தவறு, அது சொந்தச் சித்தப்பா.

எழுத வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் எப்படி? மூட்டையை மட்டும் எழுதினால் அது ஊர் மேல் பழி. ஊர் ஏன் மூட்டை அடுக்கியது என்பதும் சேர வேண்டும். தூர் மேடிட்டுக் குளத்தில் தண்ணீர் நிற்காததால்தானே மட்டத்தை உயர்த்துகிறார்கள்? கடைசியாக எப்போது தூர் எடுத்தார்கள்? ஒன்றியத்திலிருந்து வர வேண்டிய அளவுப் புத்தக நகல் அதற்குத்தான். 30 நாள் முடிந்ததும் மேல்முறையீடு போட்டுவிடுங்கள், தேர்தல் அறிவிப்பு வந்தால் அலுவலகத்தில் யாரையும் பிடிக்க முடியாது.

யார் யார் அடுக்கினார்கள் என்ற பெயர்கள் வேண்டியதில்லை. சித்தப்பாவிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள், வேறு யார் வாயாலும் அவர் கேட்கக் கூடாது. எழுதுகிறவன் அந்த வீட்டுப் பிள்ளை என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 24

புது வரைவு வந்தது. 23 பத்தி. நடை பற்றி இப்போது யாரும் பேசவில்லை பாருங்கள்.

தொடக்கத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். "அந்த இரவை ஊர் மறக்காது" என்று ஆரம்பிக்கிறது. எந்த ஊர் வெள்ளத்துக்கும் இது பொருந்தும். ஏழாவது பத்தியில் உங்கள் வரி ஒன்று இருக்கிறது: "ராத்திரி 11.42-க்கு மேலத்தெருவிலிருந்து திருநெல்வேலிக்குப் போன அழைப்பு 19 விநாடி நீடித்தது." அங்கே ஆரம்பியுங்கள்.

ஒன்பதாவது பத்தியில் "40 மணல் மூட்டைகள்" என்று இருக்கிறது. எண்ணியது யார்?

ஏப்ரல் 21

ஓட்டுப்பதிவு முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு சித்தப்பாவிடம் வரைவை வாசித்துக் காட்டியிருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, இரண்டு இடத்தில் திருத்தினாராம். 40 இல்லை, 26. மணல் மூட்டையும் இல்லை, யூரியாச் சாக்கில் மண் அள்ளிப் போட்டது. மண் எங்கே எடுத்தீர்கள் என்று தம்பி கேட்டிருக்கிறார். கரையிலேயே, மறுகாலுக்கு வடக்கே என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி, அனுப்பிவிடாதீர்கள். நாளைக்குக் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு, சித்தப்பாவுக்குச் சம்மதம் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போய், மண் எடுத்த இடத்துக்கும் கரை உடைந்த இடத்துக்கும் எத்தனை அடி என்று அளந்து எழுதுங்கள்.